கலியாணக் கசெற்றில் வந்த வெள்ளைக்காரர்

பூச்சி உருண்டை மணத்தோடுதான் அண்ணாவின் கலியாணம் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. நெளுக்குளத்தில் இருந்த பெரியம்மா அந்த வீடியோக் கசெற்றை ஆமியின் சோதனைக்குத் தப்புவதற்காகத் தன் கூறைச் சேலையின் மடிப்புக்குள் வைத்து, அந்தச் சேலையை இன்னும் சில பழைய சேலைகளுக்கு நடுவில் செருகி, வவுனியாவிலிருந்து வன்னிக்குள் வருகிற ஒரு ரீச்சரிடம் கொடுத்துவிட்டிருந்தார். அம்மா அதை வெளியே எடுத்த உடனே மூக்கருகில் வைத்து மணந்து பார்த்தார். ஜேர்மனி மணம் வரும் என்று நினைத்தாரோ என்னவோ. வந்தது பெரியம்மாவின் அலுமாரி மணம்தான்.

இப்போது ரீவியைப் போட்டால் எந்த நேரமும் போட்டி. பாட்டுக்குப் போட்டி, ஆட்டத்துக்குப் போட்டி, சமையலுக்குப் போட்டி, புருசனும் பெண்சாதியும் ஒருவரையொருவர் எவ்வளவு அறிந்து வைத்திருக்கிறார்கள் என்பதற்குப் போட்டி. இது போதாதென்று ஒரு வீட்டுக்குள் கொஞ்சப் பேரை அடைத்து வைத்து, கிழமைக்கு ஒரு ஆளாகக் கலைத்துவிடுகிற போட்டி. என் பிள்ளைகள் வாக்குப் போடுவதற்காகச் சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டுக் கைபேசியைத் தேடி ஓடுகிறார்கள். இதையெல்லாம் நான் உங்கள் வயதிலேயே பார்த்துவிட்டேன் என்று சொன்னால் அவர்கள் நம்புவதில்லை. கரண்டே இல்லாத விசுவமடுவில், ஜாம் போத்தலுக்குள் திரி போட்டு விளக்கெரித்த காலத்தில், எங்கே பார்த்தீர்கள் என்று பகிடி பண்ணுகிறார்கள். பார்த்தேன். நான் மட்டுமல்ல, எங்கள் ஒழுங்கையே கூடியிருந்து பார்த்தது. பார்த்தது என்ன என்பதுதான் ஒருவருக்கும் விளங்கவில்லை. எனக்கு இப்போது முழுதாக விளங்கிவிட்டது என்றும் நான் சொல்லமாட்டேன்.

அண்ணா ஜேர்மனிக்கு வெளிக்கிட்டபோது நான் தவழ்ந்துகொண்டிருந்தேனாம். அதனால் அண்ணா என்றால் எனக்கு ஒரு படமும் சில கடிதங்களும்தான். படமென்றாலும் என்ன படம்! பனிக்குள் நின்று எடுத்தது, காதை மூடிய தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டு, கழுத்தைச் சுற்றி ஒரு கம்பளித் துணியும் கட்டியிருந்தார். வெளியே தெரிந்த மூக்கு மட்டும் எங்கள் வீட்டு மூக்கு என்று அம்மா சொல்லுவார். கடிதங்களை அப்பா திரும்பத் திரும்ப வாசித்து மனப்பாடமாக்கி வைத்திருந்தார். இடுப்பளவு தண்ணீரில் ஒரு ஆற்றைக் கடந்து போனது, ஒரு அதிகாரிக்கு முன்னால் இருந்து கேள்விகளுக்குப் பதில் சொன்னது, பல நாட்டுச் சனத்தோடு ஒரே குசினியும் ஒரே குளியலறையுமாக ஒரு அகதி வீட்டில் இருப்பது, தஞ்சம் கேட்ட "கேஸ்" முடிவு வரும்வரை காத்திருப்பது, இவ்வளவும் அவற்றில் இருந்தன. கடைசியாக வந்த கடிதத்தில் கலியாணம் ஒழுங்காகியிருப்பதாகவும், வீடியோ எடுத்து அனுப்புவதாகவும் எழுதியிருந்தார். அன்றிலிருந்து அம்மாவுக்கு வேறு கதை கிடையாது. பிள்ளையின் முகத்தை ஒருக்கால் பார்த்துவிட்டால் போதும், பிறகு எந்தக் கிபிர் விமானம் குண்டோடு வந்தாலும் வரட்டும் என்று கிணற்றடியில் கண்டவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

கசெற் வந்தால் போதுமா? அதைப் போட்டுப் பார்க்க ரீவி வேண்டும், வீடியோ டெக் வேண்டும், அவற்றை ஓட்ட ஜெனரேற்றர் வேண்டும், ஜெனரேற்றருக்கு மண்ணெண்ணெய் வேண்டும். முதல் மூன்றும் யோகன் அண்ணையிடம் இருந்தன. சாமத்திய வீடு, கோயில் திருவிழா என்று கூப்பிட்ட இடத்துக்கு அவர் அவற்றை லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் வைக்கோல் பரப்பி ஏற்றிக்கொண்டு வருவார். மண்ணெண்ணெய்தான் வீட்டுக்காரர் பாடு. பொருளாதாரத் தடைக்காலத்து மண்ணெண்ணெய் என்றால் கண்ணுக்கு மருந்து விடுவதுபோல விட்டுப் புழங்கவேண்டிய சாமான். பொழுதுபட்ட உடனேயே சாப்பிட்டு விளக்கை நூர்த்துவிட்டு, அப்படி மிச்சம் பிடித்ததைக் குசினி மூலையில் ஒரு கானுக்குள் அம்மா சேர்த்துவந்தார். எனக்கு வீட்டுப்பாடம் செய்ய விளக்கில்லை என்று நான் சொன்னபோது, அண்ணாவைப் பார்க்கிறதைவிட உனக்குக் கணக்குப் பெரிசோ என்று கேட்டார். எனக்கென்ன, கணக்குச் செய்யாமல் இருக்க ஒரு சாட்டுக் கிடைத்த புளுகம், ஒரே சந்தோசம்.

அண்ணாவின் கலியாணத்தை நாங்கள் பட்டப்பகலில் பார்த்ததற்கும் ஒரு காரணம் இருந்தது. இரவில் வெளிச்சம் தெரியக்கூடாது. பகலில் அந்தப் பிரச்சினை இல்லை, ஆனால் ஜெனரேற்றர் ஓடினால் விமானம் வருகிற சத்தம் கேட்காது. அதனால் வன்னியில் எங்கள் பக்கம் படம் ஓடுகிற வீடுகளில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். ஜெனரேற்றர் சத்தம் எட்டாத தூரத்தில் ஒரு ஆள் போய் இருந்து, வானத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருக்கவேண்டும். சத்தம் கேட்டால், மரத்தில் கட்டித் தூக்கியிருக்கிற பழைய இரும்பு றிம்மில் அடிக்கவேண்டும். அடித்த உடனே சனம் எழும்பி நிலத்துக்கடிப் பங்கருக்குள் ஓடும். "காதுக்கு இருக்கிறது" என்று எங்கள் ஒழுங்கையில் அதற்குப் பேர். யாருடைய வீட்டு விசேஷமோ அந்த வீட்டு ஆம்பிளைதான் காதுக்கு இருக்கவேண்டும். வந்த சனத்தைப் படம் பார்க்காமல் வெளியே இருத்துவது மரியாதை இல்லை. ஆகவே பெற்ற மகனின் கலியாணம் ஓடுகிறபோது அப்பா வாய்க்கால் கட்டில் போய்க் குந்தினார். தாலி கட்டுகிற நேரம் நான் ஓடிவந்து சொல்லவேண்டும், பக்கத்து வீட்டு மாரியக்காவின் புருசன் அப்போது வந்து இடம் மாறுவார் என்று ஏற்பாடு.

அம்மா அன்று நல்ல சேலை உடுத்து, தலைக்குப் பூ வைத்து, ரீவிக்கு முன்னால் ஒரு நிறைகுடமும் வைத்துவிட்டார். மகனின் கலியாணத்துக்கு நிறைகுடம் வைக்கக் கொடுத்துவைக்கவில்லை, இங்கேயாவது வைப்போம் என்று நினைத்திருக்கவேண்டும். யன்னல்களுக்குச் சாக்குக் கட்டி அறையை இருட்டாக்கியாயிற்று. பயற்றம் பணியாரம் தட்டில் அடுக்கியாயிற்று. யோகன் அண்ணை மண்ணெண்ணெய்க்குத் துளி பெற்றோல் காட்டிக் கயிற்றை இழுக்க, ஜெனரேற்றர் இருமி இருமிப் பிடித்துக்கொண்டது. புகை அறைக்குள்ளும் வந்தது. எல்லாருக்கும் கண் எரிந்தாலும் ஒருவரும் அசையவில்லை.

திரையில் ஒரு வெள்ளைக்காரன் தண்ணீருக்குள் விழுந்தான்.

தலையில் தொப்பியும் நெஞ்சில் காற்றடைத்த சட்டையும் போட்டிருந்தான். ஒரு ஒடுக்கமான பலகையில் ஓடிவந்தவன் வழுக்கி விழுந்தான். பின்னால் ஒரு பெண் வந்து அவளும் விழுந்தாள். அதற்குப் பின்னால் வந்தவன் அக்கரைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டு இரண்டு கையையும் தூக்கினான். நாங்கள் நிறைகுடத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தோம். கலியாணத்துக்கு முன்னால் விளம்பரமாக்கும் என்று யோகன் அண்ணை சொன்னார். விளம்பரம் முடிகிற பாடாய் இல்லை. விழுகிறவர்கள் விழுந்துகொண்டே இருந்தார்கள்.

நான் அப்பாவிடம் ஓடினேன். தாலி இன்னும் கட்டவில்லை, வெள்ளைக்காரர் பலகையில் ஓடித் தண்ணீருக்குள் விழுகிறார்கள், சிலர் அந்தப் பக்கம் போய்விட்டார்கள் என்று மூச்சு வாங்கச் சொன்னேன். அப்பா வானத்திலிருந்து கண்ணை எடுக்காமல் யோசித்தார்.

"அது ஆறாயிருக்கும் பிள்ளை. தம்பி கடந்து போனானெண்டு எழுதின ஆறு. கலியாணத்துக்கு முதல் அவன் வந்த பாதையைக் காட்டுறாங்கள் போலை."

அப்பாவுக்கு அண்ணா எப்போதும் தம்பிதான். எனக்கு அவர் சொன்னது சரியென்று பட்டது. திரும்ப ஓடிப்போய், அப்பா இதை ஆறு என்று சொல்கிறார் என்றேன். அறைக்குள் இருந்த சனம் முழுவதும் ஓ என்றது. பிறகு பார்க்கிற விதமே மாறிவிட்டது. ஒருவன் வழுக்கினால் "ஐயோ" என்றார்கள். ஒருவன் அக்கரை சேர்ந்தால் அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். மாரியக்காவுக்குத்தான் ஒரு சந்தேகம். அவருடைய பெற்றோர் மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து கலவரத்துக்குப் பயந்து வன்னிக்கு வந்தவர்கள். ஓடி வந்த கதை கேட்டு வளர்ந்தவர் அவர். "கரையில நிக்கிற சனம் என்னத்துக்கு சிரிக்குது?" என்று கேட்டார். உண்மைதான். ஆட்கள் விழ விழக் கரையில் நின்ற சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. இதையும் நான் அப்பாவிடம் கொண்டுபோனேன். அப்பா வானத்தைப் பார்த்தபடியே, நீ போய்ப் பார், தாலியைத் தவறவிடாதே என்று மட்டும் சொன்னார்.

அடுத்து வந்தது இருட்டு. இருட்டுக்கு நடுவில் உயரமான இரண்டு கதிரைகள். ஒன்றில் கோட் போட்ட பெரியவர், மற்றதில் வியர்த்து விறுவிறுத்த ஒரு ஆள். அந்த ஆளின் முகத்தில் மட்டும் வெளிச்சம் அடித்தது. பெரியவர் ஏதோ கேட்டுவிட்டுக் கண் வெட்டாமல் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவன் நெற்றியைத் துடைத்தான், நெஞ்சிடிப்பதுபோல ஒரு மேளச் சத்தம் கேட்டது. அப்படி ஒருவனை இருத்தி வெளிச்சம் அடித்துக் கேள்வி கேட்பது என்றால் என்ன என்று எங்கள் சனத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சிலர் குனிந்துகொண்டார்கள். ஒரு கிழவர் எழும்பி வெளியே போய்விட்டார். அவருடைய மகனைக் கொழும்பில் பிடித்து நெடுநாள் வைத்திருந்தார்கள்.

அப்பாவுக்கு இது விளங்க நேரம் எடுக்கவில்லை. இதுதான் இன்ரவியூ என்றார். ஒரு பதில் மாறினாலும் கேஸ் போய்விடும் என்று அண்ணா எழுதியிருந்ததை எனக்கு ஒப்புவித்துக் காட்டினார். நான் திரும்பிப் போனபோது திரையில் பதில் பச்சையாக மாற, வானத்திலிருந்து கடதாசிப் பூக்கள் கொட்டின, கோட் போட்டவரும் வியர்த்தவனும் கட்டிப்பிடித்தார்கள். விசா கிடைத்துவிட்டது என்று நான்தான் அறிவித்தேன். எல்லாரும் கைதட்டினார்கள். அம்மா பணியாரத் தட்டைச் சுற்றுக்கு விட்டார். ஆனால் திரைக்குள்ளேயும் ஒரு பெரிய கூட்டம் இருந்து கைதட்டியது, அதுதான் எங்களுக்குப் பொருந்திவரவில்லை. விசாரணையைப் பார்க்கச் சனம் வருமா? இதற்கு அப்பா, அது ஜனநாயக நாடு, எதையும் பகிரங்கமாகத்தான் செய்வார்கள் என்று விளக்கம் கொடுத்தார். சொல்லும்போது அவருடைய குரலில் அவ்வளவு நம்பிக்கை இருக்கவில்லை.

இப்போது நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது. பார்த்தவர்களுக்குக் கடிதம் பாடமில்லை, கடிதம் பாடமான மனிசன் படத்தைப் பார்க்கவில்லை, இரண்டுக்கும் நடுவில் ஓடித் திரிந்த எனக்கு இரண்டுமே தெரியாது. இப்படி மூன்று பேரும் சேர்ந்து ஒரு கதையைக் கட்டி எழுப்பிவிட்டோம். அதில் ஓட்டை இருந்தது எல்லாருக்கும் தெரியும். ஆனால் கதை இல்லாமல் பார்த்துக்கொண்டிருப்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

மூன்றாவதாக வந்ததுதான் அந்த வீடு. வரிசையாகக் கட்டில்கள், ஒரு நீளமான மேசை, ஒரு குசினி, முற்றத்தைச் சுற்றி உயரமான வேலி. கொஞ்ச ஆண்களும் பெண்களும். ஒரு வேலையும் இல்லை. சமைத்தார்கள், சாப்பிட்டார்கள், கோப்பை கழுவுவதற்குச் சண்டை பிடித்தார்கள், பிறகு கதிரைகளில் சாய்ந்து சும்மா இருந்தார்கள். எங்கிருந்தோ ஒரு குரல் வந்து ஏதோ சொன்னால் எல்லாரும் எழும்பி வரிசையாக இருந்தார்கள். இடைக்கிடை ஒருவர் தனியே ஒரு சின்ன அறைக்குள் போய், எதிரில் ஆளில்லாமல் ஒரு கதிரையில் இருந்து கதைத்து அழுதார். இந்த முறை நான் அப்பாவிடம் ஓட வேண்டிய தேவையே இருக்கவில்லை. அகதி வீடு என்று அம்மாவே சொல்லிவிட்டார். தோட்டத்து லயத்தில் இருக்கிற மாதிரியே இருக்கிறது, குசினிச் சண்டையைப் பார்த்தால் தெரியவில்லையா என்று மாரியக்காவும் ஒத்துக்கொண்டார். நிவாரணம் எடுக்கப் போய் நின்ற இடத்தில், பள்ளிக்கூடத்து வகுப்பறையில் பல குடும்பமாகக் கிடந்த நாட்களில், எங்களில் யார்தான் அந்தச் சண்டை பிடிக்கவில்லை?

வெள்ளைக்காரருக்கும் அகதி வாழ்க்கை இருக்கிறதா என்று யோகன் அண்ணை இழுத்தார். நான் ஓடிப்போய்க் கேட்டுவந்தேன். யூகோசிலாவியாவிலும் சண்டை, அங்கிருந்து வந்தவர்களாக இருக்கும் என்று அப்பா சொல்லிவிட்டார். யோகன் அண்ணை அப்போதும் தலையைச் சொறிந்துகொண்டு, கொழும்பில் நிற்கும்போது ஒரு கடையில் இந்த மாதிரி ஏதோ பார்த்ததாகவும், இது ரீவியில் போகிற ஒரு விளையாட்டாக இருக்கலாம் என்றும் மெல்லச் சொன்னார். அறையே அவரைத் திரும்பிப் பார்த்தது. விளையாட்டா? வேலிக்குள்ளே அடைபட்டு, குரலுக்குப் பயந்து, தனியே இருந்து அழுவதை ஒருவன் விளையாட்டாகச் செய்வானா, உனக்கென்ன விசரா என்று அம்மா கேட்டார். கூட்டத்தில் ஒருவர்கூட யோகன் அண்ணையின் பக்கம் நிற்கவில்லை.

பிறகு அந்தக் குரல் ஒரு பேரைச் சொன்னது. மஞ்சள் தலைமயிர்ப் பெண்ணொருத்தி எழும்பினாள். மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து அவளைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். அவளுடைய பெட்டி முதலே அடுக்கி வாசலில் இருந்தது. பெட்டியை முதலே அடுக்கி வாசலில் வைப்பது நாங்கள் எல்லாரும் செய்கிற காரியம், எங்கள் வீட்டிலும் கதவுக்குப் பின்னால் ஒன்று இருந்தது. கதவு திறந்தது, அவள் போனாள், கதவு பூட்டிக்கொண்டது. வெளியே ஆயிரக்கணக்கில் சனம் நின்று வாணவெடி கொளுத்திக் கூச்சலிட்டது.

"ஒரு அக்காவை அனுப்பிப்போட்டாங்களப்பா" என்று சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்பா முதல்தடவையாக வானத்தை விட்டு என்னைப் பார்த்தார். கேஸ் தள்ளுபடியாகியிருக்கும், திருப்பி அவளுடைய நாட்டுக்கு அனுப்பியிருப்பார்கள் என்றார். பிறகு, நான் திரும்ப ஓட வெளிக்கிடும்போது, பின்னால் கூப்பிட்டார்.

"பிள்ளை, தம்பி உள்ளுக்குள்ளை நிக்கிறானோ எண்டு பார். அதை மட்டும் வந்து சொல்லு."

அதற்குப் பிறகு அந்த அறையில் யாரும் கலியாணத்தை எதிர்பார்க்கவில்லை. அண்ணா அந்த வீட்டுக்குள் நிற்கிறாரா, இல்லையென்றால் அவரையும் அனுப்பிவிட்டார்களா என்பதுதான் கேள்வி. அம்மா நிறைகுடத்தைத் தள்ளிவைத்துவிட்டு ரீவிக்கு முட்டுமாப்போலப் போய் இருந்தார். குசினிக்குள் போகிறவர்கள், குளிக்கப் போகிறவர்கள், மூலையில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறவர்கள் என்று ஒவ்வொருவராக விரலை வைத்துப் பார்த்தார். எல்லாம் வெள்ளை முகம். பிறகு அந்த வீட்டில் இரவாகியது. விளக்குகள் நூர்ந்தன. ஆனால் படம் நிற்கவில்லை. சாம்பல் பச்சையாக, புகைக்குள்ளால் பார்ப்பதுபோலத் தெரிந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு கட்டிலாகக் காட்டினார்கள். கடைசிக் கட்டிலில் ஒருவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி, தலைவரை மூடிக்கொண்டு, ஒரு காலை மட்டும் வெளியே போட்டபடி கிடந்தான். மூச்சு ஏறி இறங்குவது தெரிந்தது.

"நிப்பாட்டுங்கோ" என்றார் அம்மா.

யோகன் அண்ணை நிற்பாட்டினார். படம் நடுங்கிக்கொண்டு நின்றது.

"இதுதான் என்ரை பிள்ளை. ஒற்றைக் காலை வெளியிலை போட்டுக்கொண்டுதான் அவன் படுக்கிறவன்."

இருட்டில் நிறம் தெரியவில்லை, முகம் தெரியவில்லை. இல்லை என்று சொல்ல யாரிடம் ஆதாரம் இருந்தது? அம்மா திருப்பிப் போடச் சொன்னார். யோகன் அண்ணை பின்னுக்கு ஓடவிட்டுத் திருப்பிப் போட்டார். முடிந்ததும் இன்னொருக்கால் போடச் சொன்னார். இனி எண்ணெய் காணாது, அக்கா, மிச்சத்தையும் ஒருக்கால் பார்த்துவிடுவோம் என்று அவர் மன்றாட்டமாகச் சொல்லியும் அம்மா கேட்கவில்லை. அந்த மனிதன் புரண்டு படுக்கவில்லை, எழும்பவில்லை, ஒன்றும் செய்யவில்லை. நித்திரை கொண்டான், அவ்வளவுதான். நாங்கள் ஒரு அறை நிறைந்த சனம், கண் எரிய எரிய, ஒரு மனிதன் நித்திரை கொள்வதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு அது அண்ணாவாக இருக்கவேண்டும் என்று ஆசையாக இருந்தது, அதேநேரம் ஏனோ பயமாகவும் இருந்தது.

ஒருவழியாக அம்மா விட்ட பிறகு படம் முன்னுக்கு ஓடியது. அந்த வீடு சட்டென்று அறுந்து, திரையில் புள்ளி புள்ளியாக மழை பெய்து, அதற்குள்ளிருந்து ஒரு நாதஸ்வரச் சத்தம் கிளம்பியது. அறை முழுவதும் எழும்பிவிட்டது. பெரிய மண்டபம், சேலை கட்டிய எங்கள் பெண்கள், வாழை இலையில் சாப்பாடு. தாலி எல்லாம் எப்போதோ கட்டி முடிந்திருக்கிறது, கசெற்றின் வால்தான் மிச்சம். பட்டு வேட்டியோடும் தலைப்பாகையோடும் ஒருவர் எங்களுக்கு முதுகைக் காட்டியபடி குனிந்து ஒரு கிழவியோடு கதைத்துக்கொண்டிருந்தார். அது அண்ணா என்று எனக்கு விளங்கிய அதே கணத்தில் அப்பாவின் நினைவு வந்தது. நான் வெளியே பாய்ந்து வாய்க்கால் கட்டுக்கு ஓடினேன். பாதித் தூரம்கூடப் போயிருக்கமாட்டேன். பின்னால் ஜெனரேற்றர் இரண்டு தரம் இருமியது. பிறகு நின்றுவிட்டது.

அந்த அமைதிக்குள் நான் நடு ஒழுங்கையில் நின்றேன். அப்பா வாய்க்கால் கட்டின்மேல் எழும்பி நின்றார். இனிக் காதுக்கு இருக்கத் தேவையில்லை என்று அவருக்குத் தெரியும்.

நானும் அப்பாவும் உள்ளே போனபோது யன்னல் சாக்குகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அண்ணா திரும்பினாரா, முகம் தெரிந்ததா என்று கேட்டேன். திரும்பினார், தெரிந்தது என்று சிலர் சொன்னார்கள். திரும்புவதற்குள் நின்றுவிட்டது என்று சிலர் சொன்னார்கள். பாதி முகம் என்றார் மாரியக்கா. ஒரே அறையில் ஒரே திரையைப் பார்த்தவர்கள் அவர்கள். யோகன் அண்ணை டெக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கரண்ட் இல்லாமல் அது கசெற்றை விடவில்லை, அவர் இழுக்க நாடா கொத்தாகச் சுருண்டு அறுந்து வந்தது. எல்லாரும் அம்மாவின் வாயைப் பார்த்தார்கள். வெயிலில் இருந்து வந்த அப்பா வேர்வையைக்கூடத் துடைக்காமல், தம்பி எப்படி இருக்கிறான் என்று கேட்டார்.

"நித்திரை கொள்ளுறான்" என்றார் அம்மா. "நல்ல நித்திரை."

அப்பாவுக்கு அது போதுமாக இருந்தது. சிரித்துக்கொண்டு கால் கழுவப் போனார். அன்றிரவு விளக்குக்கு எண்ணெய் இல்லாமல் இருட்டிலேயே சாப்பிட்டோம். அதற்குப் பிறகு அம்மா கிணற்றடியில் முகத்தைப் பார்த்தால் போதும் என்ற கதையைச் சொல்லவில்லை. யாராவது மகனைப் பற்றிக் கேட்டால், அவனுக்கென்ன, அங்கே நல்லாய் நித்திரை கொள்கிறான் என்பார். அப்பாவும் சாகும்வரைக்கும் அதையே சொன்னார். மகனை அவர் பிறகு காணவே இல்லை.

அந்த வீடு இப்போது இல்லை. இருந்த இடத்தில் வேறொருவர் வெங்காயம் வைத்திருக்கிறார். யோகன் அண்ணையையும் அவருடைய லாண்ட்மாஸ்ரரையும் கடைசி யுத்தத்து இடம்பெயர்வில் ஒரு பாலத்தடியில் கண்டதாகச் சொன்னார்கள், பிறகு கதையில்லை. வானத்துக்குக் காது கொடுக்கிற வேலையும் எங்களை விட்டுப் போய்விட்டது. என் பிள்ளைகளுக்கு விமானம் என்றால் மாமா வருகிற சாமான்.

மாமா வந்தார். கிளிநொச்சியில் என் வீட்டில், போன வருசம். பிள்ளைகள் வழக்கம்போல ஆட்களை வீட்டுக்குள் அடைக்கிற நிகழ்ச்சியைப் போட்டுவிட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள். அம்மா கதிரையில் இருந்தார், அண்ணா அம்மாவின் காலடியில். நான் அந்தக் கசெற் கதையைச் சொன்னேன். அண்ணா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அண்ணியின் தம்பி, அப்போது சின்னப் பெடியன், கலியாணக் கசெற் என்று தெரியாமல் அதற்கு மேலே ரீவி நிகழ்ச்சிகளைப் பதிந்துவிட்டானாம். அண்ணி அதைப் போட்டுப் பார்க்காமலே பெரியம்மாவுக்கு அனுப்பிவிட்டாவாம். அம்மா அந்த நித்திரைக்காரனை அண்ணா என்று சொன்னதையும், அப்பா அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டு போனதையும் சொன்னபோது, அவருடைய சிரிப்பு மெல்ல நின்றது.

அந்த வருசம்தான் அவருடைய கேஸை இரண்டாம் தரமும் தள்ளுபடி செய்தார்களாம். கோயிலில் தாலி கட்டியும் பேப்பர் இல்லாததால் பதிவு செய்ய முடியவில்லை. பிடிக்க வருகிற பொலிஸ் விடியப்புறத்தில்தான் வரும் என்பதால், விடிய விடியச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கட்டிலில் இருந்திருக்கிறார்.

"நித்திரையோ? அந்த வருசம் முழுக்க நான் நித்திரை கொள்ளேல்லை" என்றார்.

எனக்கு ஏன் இந்தக் கதையை எடுத்தோம் என்று ஆகிவிட்டது. அம்மாவைப் பார்த்தேன். அம்மாவின் கண் ரீவியில்தான் இருந்தது. அங்கே யாரையோ வெளியேற்றுவதற்குப் பேர் சொல்லப்போகிறார்கள்.

"அது இவனில்லையெண்டு எனக்கு அண்டைக்கே தெரியும்" என்றார்.

இது உண்மையா, அண்ணாவின் முகத்தைப் பார்த்துவிட்டு இப்போது சொல்கிற சமாளிப்பா? தெரிந்திருந்தால் அவ்வளவு எண்ணெயையும் ஏன் அந்த ஊர் பேர் தெரியாதவனுக்கு எரித்தார்? அவன் மட்டும் இல்லையென்றால் அண்ணா திரும்பியிருப்பார், முகம் தெரிந்திருக்கும், அப்பாவும் வந்து பார்த்திருப்பார். நான் கேட்டேவிட்டேன். பிறகேன் திருப்பித் திருப்பிப் போடச் சொன்னனீங்கள்?

அம்மா குனிந்து அண்ணாவின் தலையில் கையை வைத்தார்.

"ஆரோ பெத்த பிள்ளை. பயமில்லாமல் நித்திரை கொண்டுது. எங்கடை பக்கத்திலை அப்பிடி ஒரு பிள்ளை படுத்து நான் கண்டே கனகாலம்."